அறுபத்தொரு பேருக்கு ஒரே எண்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் நூறு படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஹில்டாவைக் கண்டால் நழுவுகிற டாக்டர்கள் நான்கு பேர். நான்கு பேரும் நோயாளியின் கோப்பை வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்கள். "சார், ஏழாம் தேதி வாங்கினது" என்று அவர் ஆரம்பித்தால், காலையா மாலையா, டாக்டர் அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதுவரை வந்துவிடும். அதனால் அவர்கள் ரெக்கார்டு ரூம் வாசலைத் தவிர்த்து, பிணவறைப் பக்கமாகச் சுற்றி வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போவார்கள்.

ஹில்டாவுக்கு நாற்பத்தொன்பது வயது. சொந்த ஊர் பெரியதாழை. பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்று, தட்டச்சில் ஹையர் முடித்து, இருபத்திரண்டு வயதில் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். மருத்துவமனை ரெக்கார்டுகளைப் பராமரிப்பதற்கென்று தனிப் படிப்பே இருக்கிறது என்ற விவரம் சேர்ந்து ஆறு வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. அதற்குள் வேலையைத் தன் வழியில் கற்றுவிட்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய கோப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார். எந்த டாக்டரின் கிறுக்கல் எந்த மருந்து, எந்த நர்ஸ் காய்ச்சலை எழுத மறப்பார், எந்தக் கட்டத்தை எல்லாரும் காலியாக விடுவார்கள் என்பதெல்லாம் அப்படி வந்த படிப்பு.

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதற்கு வந்த ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல். பிறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கோப்பிலோ வயது மட்டும்தான் இருக்கும். பிள்ளைகள் வருஷத்தைக் கணக்குப் போட்டு, முன்னால் ஜனவரி ஒன்று என்று அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த மருத்துவமனையைப் பொறுத்தவரை கடற்கரை ஊர்களில் பாதிப்பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ஹில்டா அப்போதே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். அந்தக் கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

போன வருஷம் ஏஐ வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் அனுசியா. உடன்குடிப் பெண், இருபத்தொன்பது வயது, மென்பொருள் கம்பெனியின் இன்ஜினியர். ஒரு நாள் காலையில் லேப்டாப்போடு ரெக்கார்டு ரூமுக்குள் வந்து, உட்கார இடம் தேடி, கடைசியில் 'இறந்தோர் 1998' என்று எழுதிய பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஞானையா சார் அனுப்பினாங்க. இந்த ஆஸ்பத்திரியில ரெக்கார்டு பத்தி எதுவும் கேக்கணும்னா உங்ககிட்டத்தான் கேக்கணுமாம்."

டாக்டர் ஞானையா மருத்துவமனையின் கண்காணிப்பாளர். கோப்புகளை ஒழுங்காகத் திருப்பித் தருகிறவர் என்பதால் ஹில்டாவுக்கு அவர்மேல் மரியாதை.

அனுசியா விஷயத்தைச் சொன்னாள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கம்ப்யூட்டர் உதவியாளர் இருக்கும். "இந்த நோயாளிக்குப் போன தடவை சுகர் எவ்வளவு?" என்று நர்ஸ் கேட்டால் அதுவே ரெக்கார்டைத் தேடி எடுத்துச் சொல்லும். தேடுவதற்கு அதன் கையில் பதினான்கு கருவிகள். ஒன்று ரத்தப் பரிசோதனை முடிவை எடுக்கும், ஒன்று மருந்துப் பட்டியலை எடுக்கும், இன்னொன்று போன் எண்ணை வைத்து ஆளைத் தேடும். எந்தக் கருவி எதற்கு, அது தரும் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டும்.

"அதுக்கு நம்ம ஆஸ்பத்திரியைப் பத்தி ஒண்ணும் தெரியாது அக்கா. நாம எழுதிக் குடுக்கிற விளக்கம் மட்டும்தான் தெரியும்."

"புதுசாச் சேர்ந்த கிளார்க் மாதிரி."

"ஆமா. ஆனா உலகத்துல உள்ள புஸ்தகம் எல்லாம் படிச்ச கிளார்க்."

"சந்தேகம்னா திரும்பக் கேப்பானா?"

"கேக்கச் சொன்னா கேப்பான்."

"சொல்லலைன்னா?"

"தைரியமா ஏதாவது பதில் சொல்லிருவான்."

"சரிதான். இதுவரைக்கும் பதினோரு கிளார்க்குக்கு வேலை பழக்கியிருக்கேன். அதுல ஏழு பேரு இப்படித்தான்," என்றார் ஹில்டா.

கம்பெனி எழுதி வைத்திருந்த விளக்கங்கள் கருவிக்கு ஒரு வரி. ஒவ்வாமைக் கருவிக்கு 'நோயாளியின் மருந்து ஒவ்வாமைகளைத் தரும்' என்று இருந்தது.

"அந்தக் கட்டம் காலியா இருந்தா?"

"காலின்னு தரும்."

"காலின்னா ஒவ்வாமை இல்லைன்னு அர்த்தமா, இல்ல யாரும் கேக்கவே இல்லைன்னு அர்த்தமா?"

அனுசியா உதவியாளரிடமே ஒரு நோயாளியின் எண்ணைக் கொடுத்துக் கேட்டாள். 'இவருக்கு மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று உடனே பதில் வந்தது. ஹில்டா எழுந்து போய் அதே நோயாளியின் காகிதக் கோப்பைக் கொண்டுவந்து விரித்தார். ஒவ்வாமைக் கட்டத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. டீ டம்ளர் வைத்த வட்டம் மட்டும் இருந்தது.

"இந்த வட்டத்தைத்தான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுதான் உங்க ஆளு."

அன்று ஹில்டா தன் முதல் வாக்கியத்தை எழுதினார். 'கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வாமை இல்லை என்று சொல்லாதே. யாரும் எழுதவில்லை, நோயாளியிடம் கேட்கவும் என்று சொல்.' அனுசியா அதை ஆங்கிலத்தில் போடப் போனவள், ஒரு சோதனைக்காகத் தமிழிலேயே போட்டுப் பார்த்தாள். உதவியாளர் சொன்னபடி கேட்டது. அதன் பிறகு பதினான்கு விளக்கங்களையும் ஹில்டா தமிழிலேயே எழுதினார்.

முதலில் ஒவ்வொன்றும் ஒன்றரைப் பக்கம் வந்தது. அனுசியா தலையில் கைவைத்துக்கொண்டாள். பதினான்கு விளக்கத்தையும் உதவியாளர் ஒவ்வொரு தடவையும் முழுசாகப் படிக்கும், நீளமாக எழுதினால் முக்கியமானது கூட்டத்தில் காணாமல் போய்விடும் என்றாள். ஹில்டா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுருக்கினார். 'பொதுவாக', 'பெரும்பாலும்' என்பவற்றை முதலில் அடித்தார். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிள்ளைகளைப் பற்றிய ஒரு பத்தியை அடிக்க மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

பதின்மூன்று கருவிகள் முடிந்தன. போன் எண் தேடும் கருவியில் வண்டி நின்றது.

அதன் பழைய விளக்கம், 'போன் எண்ணைக் கொண்டு நோயாளியைக் கண்டறியும்.' ஹில்டா அதைப் படித்துவிட்டு ஓர் எண்ணைச் சொன்னார். அனுசியா அடித்தாள். உதவியாளர் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு நோயாளியின் நிலையைத் தொகுத்துச் சொன்னது: வயது ஏழு முதல் எண்பத்துநான்கு வரை. இதுவரை ஒன்பது பிரசவங்கள். குடல்வால் நான்கு முறை அகற்றப்பட்டுள்ளது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்குத் தொடர் சிகிச்சை. பொதுவான உடல்நிலை திருப்திகரம்.

அனுசியா பெட்டியின்மேல் இருந்து எழுந்தேவிட்டாள். "யாருக்கா இவரு?"

"காசிலிங்கம் அண்ணாச்சி. பெரியதாழையில கடை வச்சிருக்காவ."

அந்த எண்ணில் பதிவானவர்கள் அறுபத்தொரு பேர். காரணம் எளிது. ஆண்கள் கடலுக்குப் போனால் போன் வீட்டில் கிடக்கும், அல்லது நனைந்து செத்துப்போகும். பெண்கள் சலுகை வரும்போதெல்லாம் சிம் மாற்றுவார்கள். காசிலிங்கம் அண்ணாச்சியின் எண் மட்டும் இருபது வருஷமாக மாறவில்லை. கடைப் பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பதால் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். மருத்துவமனைச் சீட்டை யாரும் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை. வந்து நின்றதும் அண்ணாச்சியின் எண்ணைத்தான் சொல்வார்கள்.

"இதுல என்ன பிரச்சினைன்னா," என்றார் ஹில்டா, "என் தம்பியும் இதுல இருக்கான்."

தம்பி பெயர் ரோச். வள்ளத்தில் மீன்பிடிக்கிறவன். பதின்மூன்று வயதில் ஒரு பென்சிலின் ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்தது பெரும்பாடாகப் போனது. அது அவன் கோப்பில் இருக்கிறது. ஹில்டா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதியது. ஆனால் அந்த எண்ணில் மூன்று ரோச் இருந்தார்கள். ரோச் என்பது புனித ரோக்குவின் பெயர், அதை வைக்காத வீடு அந்தப் பக்கம் குறைவு. இன்னொரு ரோச்சுக்கும் தம்பியின் வயதேதான். கம்ப்யூட்டர் தயவில் இருவருமே ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

டாக்டர் ஞானையா சுருக்கமாகச் சொன்னார். "ஒண்ணாம் தேதி அவசரப் பிரிவுல திறக்கிறோம். இந்தப் போன் தேடல் சந்தேகம்னா அதை மட்டும் மூடிருவோம்."

"மூடினா எங்க ஊர்க்காரங்க கோப்பே கிடைக்காது சார். நம்பரைத் தவிர வேற ஒண்ணும் கொண்டுவர மாட்டாங்க."

"திறந்தா?"

"இப்ப இருக்கிற மாதிரி திறந்தா என் தம்பிக்கு வேற ஆளு கோப்பைப் பாத்து ஊசி போட்டிருவாங்க."

"அப்ப சரிபண்ணுங்க. இருபத்தெட்டாம் தேதி நான் சோதிச்சுப் பாக்கேன். சரியில்லைன்னா மூடிருதேன்."

முதல் திருத்தம் அனுசியாவுடையது. எண்ணை அடித்தால் அதிலுள்ள எல்லாருடைய பட்டியலும் வரட்டும், நர்ஸ் சரியான ஆளைத் தொடட்டும். ஹில்டாவும் ஒப்புக்கொண்டு, 'ஒருவருக்கு மேல் இருந்தால் பட்டியலைக் காட்டு, யார் என்று கேள்' என்று எழுதினார். அவசரப் பிரிவு நர்ஸ் ஷெர்லினை வைத்து ஒத்திகை நடந்தது. ஷெர்லின் எட்டு வருஷ அனுபவம் உள்ளவள், கெட்டிக்காரி. ஹில்டா ஒரு காகிதத்தில் கதை எழுதிக் கொடுத்தார்: பெரியதாழை ரோச், தம்பியின் வயது, கடலில் திருக்கை மீன் குத்திக் கால் சீழ்பிடித்திருக்கிறது, நினைவில்லை, கூட வந்தவருக்கு இந்தப் போன் எண்தான் தெரியும்.

ஷெர்லின் எண்ணைக் கொடுத்தாள். ரோச் என்றாள். மூன்று வரி வந்தது. முதல் வரியைத் தொட்டாள். ஒவ்வாமை பற்றி யாரும் எழுதவில்லை என்று உதவியாளர் சொன்னது. கதைப்படி கூட வந்தவருக்கும் அது தெரியாது. ஷெர்லின் தாளில் பென்சிலின் ஊசி என்று எழுதினாள்.

அது வேறு ரோச்.

ஹில்டா அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். அதாவது காசிலிங்கம் அண்ணாச்சிக்குப் போட்டு, தம்பியைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏலே ரோச், நல்லாயிருக்கியா?"

"ஏன் யக்கா, என்ன ஆச்சு?"

"இப்பதான் உன்னைக் கொன்னோம்."

"எங்கன வச்சு?"

"கம்ப்யூட்டர்ல."

"சரி, அடக்கம் எப்பன்னு சொல்லு. நாளைக்கு வலை தைக்கணும்."

ஷெர்லின் முகம் வாடிப்போயிருந்தது. "அக்கா, பேரு சரியா இருந்துச்சு, ஊரு சரியா இருந்துச்சு, வயசும் சரியா இருந்துச்சு. மேல இருந்ததை அமுக்கினேன்."

பட்டியலின் மேல் பெரிய சிவப்பு எச்சரிக்கை வைக்கலாம் என்றாள் அனுசியா. ஹில்டாவுக்கு நம்பிக்கை இல்லை. மாடிப்படியில் பத்து வருஷமாக ஒரு சிவப்பு எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. அதன் கீழேதான் எல்லாரும் செருப்பை விடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஹில்டா பெரியதாழையில் காசிலிங்கம் அண்ணாச்சியின் கடைக்குப் போனார். அறுபத்தொரு பேருக்கு வரும் போனை இருபது வருஷமாக ஒரே ஆள் பிரித்துக் கொடுக்கிறார் என்றால், அவர் எப்படிக் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அனுசியாவும் கூட வந்தாள். ஐஸ் பெட்டிக்கும் பிஸ்கட் பாட்டில்களுக்கும் நடுவே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது. ஹில்டா விஷயத்தைச் சொல்லவும் அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

"எனக்கு ஒம்பது பிரசவமா? வீட்டுக்காரிகிட்டச் சொல்லணும். ரெண்டு பெத்துட்டு என்ன பேச்சுப் பேசுதா!"

"அண்ணாச்சி, ஆளு மாறிப்போனதே இல்லையா உங்களுக்கு?"

"ஒரே ஒரு தடவை. உங்க ஆஸ்பத்திரியில இருந்துதான். ரோச்சுக்கு சுகர் நார்மல்னு சொன்னாவ. எதிர்ல ஒரு ரோச் வந்தான். 'ஏலே ரோச், உனக்குச் சுகர் இல்லையாம்'னேன். 'அப்படியா அண்ணாச்சி'ன்னு நேரா முதலூருக்குப் போயி ரெண்டு கிலோ மஸ்கோத் அல்வா வாங்கிட்டு வந்துட்டான். அவனுக்கு டெஸ்டே எடுக்கலை. சுகர் முந்நூறு."

"அவன் கேக்கலையா, எனக்கு எங்க டெஸ்ட் எடுத்தாங்கன்னு?"

"எப்படிக் கேப்பான்? நல்ல சேதியை எவனும் திருப்பிக் குடுக்க மாட்டான் தங்கச்சி. நாம பேரைச் சொன்னா, ஆமான்னுதான் சொல்லுவான். அன்னையில இருந்து நான் வாயைத் திறக்கிறதில்ல. அவங்களாத்தான் சொல்லணும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து, "அண்ணாச்சி, எங்க வீட்டுக்குப் போன் வந்துச்சா?" என்றாள்.

"யாருகிட்ட இருந்து வரணும்?"

"ஆஸ்பத்திரி."

"யாருக்கு?"

"மவனுக்கு."

"அவன் பேரு?"

"உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? நீங்கதானே பேரு வச்சதுக்கு மிட்டாய் குடுத்தீய."

"தெரியும். நீ சொல்லு."

அவள் மகன் பெயரையும் புருஷன் பெயரையும் சலித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் அண்ணாச்சி செய்தியைச் சொன்னார். அனுசியா லேப்டாப்பை ஐஸ் பெட்டியின்மேல் வைத்துத் திறந்துவிட்டாள்.

"அக்கா, நாம பட்டியலே காட்டக் கூடாது."

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் ஹில்டா.

கருவியை அனுசியா மாற்றினாள். இனி அது எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும், ஒரு பெயரையும் காட்டாது. மற்றவர்களின் நோய் நொடி தெரியாமல் இருப்பதும் நல்லதுதான். விளக்கத்தை ஹில்டா புதிதாக எழுதினார்:

'இந்த எண்ணின் சொந்தக்காரர் நோயாளி என்று எண்ணாதே. கடற்கரை ஊர்களில் ஓர் எண்ணில் பலர் இருப்பார்கள். நீயாக எந்தப் பெயரையும் சொல்லிக் கேட்காதே, அவர்கள் சொல்லட்டும். முதலில் பெயர், பிறகு தகப்பன் பெயர். பிறந்த தேதியை நம்பாதே. பொருந்தவில்லை என்றால் வேறு கேள்வி கேள். ஒரே ஒருவர் மிஞ்சும்வரை கோப்பைத் திறக்காதே.'

இருபத்தெட்டாம் தேதி டாக்டர் ஞானையா வந்தார். காகிதக் கதை வேண்டாம், நிஜ ஆள் வேண்டும் என்றார். அன்று கடலில் காற்று அதிகம் என்று வள்ளங்கள் இறங்கவில்லை. ரோச்சும் அவன் மனைவி ஆனியும் பஸ் ஏறி வந்தார்கள். ரோச் அவசரப் பிரிவின் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தான். நினைவில்லாதவனாக நடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் வாயையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டான்.

"நர்ஸ் கேக்கிறதுக்கு ஆனி மட்டும்தான் பதில் சொல்லணும்," என்றார் டாக்டர். "ஹில்டா, நீங்க சுவரோரமா நில்லுங்க. பேசக் கூடாது. தப்பான கோப்பு வந்துச்சுன்னாலும், கோப்பே வரலைன்னாலும் போன் தேடலை மூடிருவேன்."

ஷெர்லின் எண்ணைக் கொடுத்தாள். திரையில் வந்ததை வாசித்தாள். "இந்த எண்ணில் பலர் இருக்கிறார்கள். நோயாளியின் பெயர் என்ன?"

"ரோச்," என்றாள் ஆனி.

"தகப்பன் பெயர்?"

"கடுகு."

ஷெர்லின் நிமிர்ந்து பார்த்தாள். "என்னது?"

"கடுகு. கடுகு மகன் ரோச்னா பெரியதாழையில எல்லாருக்கும் தெரியும்."

"ஏளா, அது பட்டப்பேரு!" என்றான் ரோச், கண்ணைத் திறக்காமலே.

"நினைவில்லாதவங்க பேசக் கூடாது," என்றார் டாக்டர்.

"நெசப் பேரு எனக்கு எப்படித் தெரியும்? நான் கல்யாணமாகி வரும்போதே மாமா இறந்துட்டாவ. வீட்டுல கடுகு மாமான்னுதானே சொல்லுதீய!"

ஷெர்லின் 'கடுகு' என்றே அடித்தாள். 'அந்தப் பெயர் பொருந்தவில்லை' என்று வந்தது.

சுவரோரம் நின்ற ஹில்டாவின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. கடுகின் நிஜப் பெயர் அவருக்குத் தெரியாதா? சொந்தத் தகப்பன். பிறந்த வருஷம், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர், பதிவேட்டின் பக்கம் முதற்கொண்டு தெரியும். டாக்டர் திரும்பி அவரைப் பார்த்தார். ஹில்டா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. 'வேறு கேள்வி கேள்' என்று எழுதினாரே தவிர, எந்தக் கேள்வி என்று எழுதவில்லை. புதிய கிளார்க்கிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அவனை விட்டுவிட்டுச் சொன்னவரைத்தான் அவர் திட்டியிருப்பார்.

திரையில் மூன்று புள்ளிகள் ஓடின. இப்போது அது பிறந்த வருஷத்தைக் கேட்டால் இரண்டு ரோச்சுகளும் மிஞ்சுவார்கள், கோப்பு திறக்காது. தெருவைக் கேட்டாலும் அதே கதை. இருவரும் ஒரே தெரு.

ஷெர்லின் வாசித்தாள். "நோயாளிக்குத் திருமணமாகியிருந்தால், மனைவி பெயர் என்ன?"

"நாந்தான்," என்றாள் ஆனி. "ஆனி."

கோப்பு திறந்தது. மேலே சிவப்பில் பென்சிலின் என்று இருந்தது. டாக்டர் குனிந்து ஒரு தடவை படித்தார், கட்டிலருகே போய் ரோச்சின் கையில் தட்டினார்.

"எழுந்திரிங்க. பிழைச்சிட்டீங்க."

"யக்கா, இந்தத் தடவை உசிரோட விட்டுட்டாங்க," என்றான் ரோச்.

டாக்டர் ஹில்டா பக்கம் திரும்பினார். "மூணாவது கேள்வி நல்ல கேள்வி. நீங்க எழுதினதா?"

"இல்ல சார். அது தானாக் கேட்டது. நான் எழுதியிருக்கணும்."

"சரியாத்தானே கேட்டிருக்கு?"

"இன்னைக்குக் கேட்டுச்சு சார். நாளைக்குத் தெருப் பேரு கேட்டா? அரை மணி நேரம் குடுங்க, எழுதிட்டு வாரேன். அதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுங்க."

டாக்டர் ஞானையா அரை மணி நேரம் காத்திருந்தார். கண்காணிப்பாளர் ஒருவர் ரெக்கார்டு ரூம் பெட்டியின்மேல் உட்கார்ந்து காத்திருந்தது அதுதான் முதல் தடவை. கோப்பில் பட்டப்பெயருக்கென்று தனிக் கட்டம் வைத்துவிடலாமா என்று அனுசியா யோசனை சொன்னாள். வாசலில் நின்ற ரோச் உள்ளே வந்துவிட்டான்.

"யக்கா, அப்பா பேரு போகட்டும். எனக்கும் ஒரு பேரு வச்சிருக்கான்வ. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்கன்னா நான் இந்த ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேன்."

என்ன பேரு என்று அனுசியா கேட்டதற்கு ஆனி வாயைத் திறந்தாள். ரோச் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டான். கட்டம் வைக்கவில்லை. அதற்குப் பதில் ஹில்டா 'வேறு கேள்வி கேள்' என்று முடிந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, நான்கு வாக்கியம் சேர்த்தார்: 'தகப்பன் பெயர் கேட்டால் சிலர் பட்டப்பெயர் சொல்வார்கள். அது தவறான பதில் அல்ல, ஆனால் கோப்பில் இருக்காது. அப்போது மனைவி அல்லது கணவன் பெயரைக் கேள். திருமணமாகாதவர் என்றால் தாயின் பெயரைக் கேள்.'

ஒன்றாம் தேதி திறந்தார்கள். நான்காம் நாள் மத்தியானம் ரெக்கார்டு ரூமில் உள் போன் அடித்தது. ஷெர்லின்.

"அக்கா, பெரியதாழையில இருந்து ரோச்னு ஒருத்தரு. கால்ல ஆணி ஏறி, காய்ச்சல், பிதற்றுதாரு."

ஹில்டா எழுந்து நின்றுவிட்டார். "எந்த ரோச்?"

"உங்க தம்பி இல்ல, மத்தவரு. கூட அவரு சம்சாரம் வந்திருக்காங்க. அப்பா பேரு கேட்டா உழக்குன்னாங்க. பிறகு அவங்க பேரைக் கேட்டுச்சு, சொன்னாங்க, கோப்பு வந்துட்டு. ஒவ்வாமை பத்தி யாரும் எழுதலை, கேக்கவும்னு சொல்லுச்சு. கேட்டேன். ஒண்ணும் கிடையாதாம். எழுதிட்டேன்."

"மேல இருந்ததை அமுக்கலைல்லா?"

"மேலேயும் ஒண்ணும் இல்ல, கீழேயும் ஒண்ணும் இல்லக்கா. எதை அமுக்க?"